ஞானசெல்வியின் இந்தி

ஞானசெல்வி இந்தி படிக்க ஆரம்பித்தது மருமகளைப் பிடிக்காததால்தான். அதைப் பூசி மெழுகிச் சொல்ல வேண்டியதில்லை. அறுபதை நெருங்குகிற வயதில், முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, ராஜு ஆப்பிள் சாப்பிடுகிறான், ஜூலியா தண்ணீர் குடிக்கிறாள் என்று செல்போனுக்குள்ளிருந்து எவளோ ஒருத்தி இந்தியில் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்வதென்றால் வெறும் ஆசை போதாது. வயிற்றெரிச்சல் வேண்டும். ஞானசெல்விக்கு அது தாராளமாக இருந்தது.

மருமகள் பெயர் நீலிமா திர்க்கி. ஜார்க்கண்டில் சிம்டேகா பக்கம் ஒரு மலைக் கிராமம் அவளுக்கு. ஞானசெல்வியின் ஒரே மகன் ஆல்பர்ட் பெங்களூரில் எந்த ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தானோ அதே ஆஸ்பத்திரியில் அவளும் நர்ஸ். அவர்களும் தலைமுறை தலைமுறையாக வேதக்காரர்கள்தான். ஆகவே பங்குச் சாமியார் சந்தோஷமாக ஓலை வாசித்துக் கல்யாணத்தை நடத்திவைத்துவிட்டார். ஞானசெல்விக்கு வாய் திறந்து சொல்ல ஒரு காரணம்கூட மிச்சம் வைக்காமல் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அதுவே அவளுக்குப் பெரிய குறையாக இருந்தது.

ஆல்பர்ட்டுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்த நேரத்தில் நீலிமா முழுகாமல் இருந்தாள். பெங்களூரில் தனியாக எதற்கு, அம்மாவிடம் இருக்கட்டும் என்று உத்தமபாளையத்துக்குப் பக்கத்திலிருக்கிற இந்த ஊரில் அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு அவன் விமானம் ஏறிவிட்டான். ஒரு வீட்டுக்குள் இரண்டு அதிகாரிகளைப் பூட்டிவிட்டுப் போகிறோம் என்பது அந்த மடையனுக்குத் தோன்றவில்லை.

ஞானசெல்வி சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். சமையல்காரி முட்டையை முந்தானைக்குள் ஒளிக்கிறாளா, பருப்பைக் குறைத்துப் போடுகிறாளா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தே சர்வீஸ் முழுவதும் ஓடியது. தன் முதுகுக்குப் பின்னால் யார் என்ன பேசுகிறார்கள் என்று தெரியாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. நீலிமாவும் லேசுப்பட்டவள் இல்லை. எழுந்து ஓடப் பார்க்கிற நோயாளியை அதட்டிப் படுக்கவைத்து ஊசி போட்டுப் பழகியவள். வந்த வாரமே மாமியாரின் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தாள். அன்றைக்கே மாங்காய் ஊறுகாய் ஜாடி அலமாரியின் மேல்தட்டுக்கு ஏறிவிட்டது. உப்பு வேண்டாம், அப்பளம் வேண்டாம், கருவாடு வேண்டவே வேண்டாம் என்று பெங்களூர்த் தமிழில் சட்டம் போட்டாள். சொந்த வீட்டு ஊறுகாயை முக்காலி போட்டுத் திருடித் தின்னவேண்டிய நிலைமை ஞானசெல்விக்கு வந்தது. தின்றதைக் கண்டுபிடித்து மறுநாள் ஜாடியை இடம் மாற்றினாள் மருமகள். தமிழில் இரண்டு பேரும் மரியாதை குறையாமல்தான் பேசிக்கொண்டார்கள். பாத்திரம் வைக்கிற சத்தத்தில்தான் எல்லாம் இருந்தது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். பொறுக்க முடியாதது சாயங்காலப் பேச்சு. வெயில் தாழ்ந்ததும் நீலிமா பின்வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ராஞ்சியில் இருக்கும் அக்காவுக்குப் போன் போடுவாள். ஒரே இந்தி. பாதிப் பேச்சு சிரிப்பு. நடுநடுவே சாஸ், சாஸ் என்று வரும். இவ்வளவு தக்காளி சாஸைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று ஞானசெல்வி குழம்பிக்கொண்டிருந்தாள்.

அவளை உண்மையில் அரித்தது வேறொன்று. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது ஊர் வழக்கம். ஏழாம் மாதம் பெண்ணைப் பெற்றவர்கள் வந்து வளையல் போட்டுக் கூட்டிக்கொண்டு போவார்கள். இந்தப் பெண்ணுக்குத் தாய்வீடு ரயிலில் போனால் இரண்டு ராத்திரி தாண்டி எங்கோ கிடக்கிறது. போனால் திரும்பி வருவாளா? நாலு வீடு தள்ளியிருக்கும் ரோஸ்லினின் மருமகள் கோயம்புத்தூர்க்காரிதான். பிரசவத்துக்கென்று போனவள் அங்கேயே தங்கிவிட்டாள், மகனும் பின்னாலேயே போய்விட்டான். பேரன் பள்ளிக்கூடம் போகிற வயசாகிவிட்டது, ரோஸ்லின் அவனைப் போட்டோவில் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கோயம்புத்தூருக்கே அந்தக் கதி என்றால் சிம்டேகாவுக்கு என்ன கதி? பிள்ளை தேனியில் பிறக்க வேண்டும், இந்த ஊர் மாதா கோயிலில் ஞானஸ்நானம் நடக்க வேண்டும், தன் மடியில் கிடந்து வளர வேண்டும். ஞானசெல்வி கேட்டது அவ்வளவுதான். ஆல்பர்ட்டிடம் கேட்டால், அவ இஷ்டம்மா என்கிறான். அவளிடம் கேட்டால், பார்க்கலாம் அம்மா என்கிறாள். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று சத்துணவில் இருந்தவளுக்குத் தெரியாதா? எல்லாம் முடிந்த பிறகுதான் சொல்வார்கள். டிக்கெட் போடுகிற பேச்சு அந்தப் பின்வாசல் இந்தியில்தான் நடக்கப்போகிறது. அதைப் பிடிக்க வேண்டுமானால் இந்தி தெரிய வேண்டும்.

உத்தமபாளையத்தில் செல்போன் கடைக்காரரிடம் போய், பாஷை படிக்கிற ஏதோ ஒன்று இருக்கிறதாமே, அதைப் போட்டுக் கொடுங்கள் என்றாள். போனில் ஆல்பர்ட் ஏற்கெனவே போட்டுவைத்திருந்த மெயிலை வைத்தே அவர் அதைத் திறந்து கொடுத்தார். இந்தியை அது இங்கிலீஷ் வழியாகத்தான் சொல்லிக்கொடுத்தது. ஞானசெல்விக்கு அதில் பிரச்சினை இல்லை. ஆபீசர்களுக்குப் பதில் எழுதி எழுதி அவளுடைய இங்கிலீஷ் கரடுமுரடாக இருந்தாலும் உழைக்கக்கூடியது.

காலையில் பால் காய்ச்சிய கையோடு சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். மக்காச்சோள மூட்டைமேல் உட்கார்ந்து பாடம். சின்னச் சின்னப் பாடம்தான், காப்பி ஆறுவதற்குள் ஒன்று முடிந்துவிடும். சரியாகச் சொன்னால் போன் டிங் என்று மெச்சும், தப்பினால் சிவப்புக் கோடு காட்டும். ஒரு நாள் தவறினால் மறுநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு விசாரிக்கும். மற்றவர்களுக்கு அது தொந்தரவாக இருக்கும், ஞானசெல்விக்குப் பிடித்திருந்தது. ஆய்வுக்கு வருகிற அதிகாரிக்குப் பயந்து வேலை செய்த உடம்பு அது.

புருஷன் ஆரோக்கியசெல்வத்திடம்தான் முதலில் மாட்டினாள். ஆரோக்கியசெல்வம் வாழையும் தென்னையும் மக்காச்சோளமும் வைத்திருக்கும் விவசாயி, அதிர்ந்து பேசாதவர். கதவிடுக்கு வழியாக, மேரா நாம் ஞானசெல்வி ஹை என்ற குரல் கேட்டதும் அவருக்கே முகம் மாறிவிட்டது. காலேஜ் படிக்கையில் இந்தி எதிர்ப்பில் போய் அடிவாங்கியவர்.

"தேனி ஸ்டேசன் போர்டுல இருந்த இந்திய இந்தக் கையாலதான் தார் பூசி அழிச்சேன். என் வீட்டுச் சோள மூட்டை மேலயே உக்காந்து அதப் படிக்கிறியா?" என்றார்.

"நீங்க அழிச்சீகள்ல, நான் எழுதிக்கிறேன்" என்றாள் ஞானசெல்வி. பிறகு குரலை இறக்கி, பிள்ளை பிறந்தால் அவள் இந்தியில்தான் கொஞ்சுவாள், என்ன கொஞ்சுகிறாள் என்று நமக்குப் புரிய வேண்டாமா என்று ஒரு சாக்குச் சொன்னாள். மருமகளிடமும் ஆல்பர்ட்டிடமும் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கினாள். பேரப்பிள்ளைக்காக என்றதும் மனுஷன் உருகிப்போய்விட்டார். நம்புவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

குடும்பம் என்ற பாடம் வந்தபோதுதான் சாஸ் என்றால் மாமியார் என்று தெரிந்தது. ஞானசெல்வி காதிலிருந்து ஒயரைப் பிடுங்கினாள். இத்தனை நாள் அந்தச் சிரிப்புக்குள் ஓடிக்கொண்டிருந்த தக்காளி சாஸ் தான்தான். ரத்தம் தலைக்கேறியது. அன்றைக்கு நீலிமா பிரஷர் பார்த்துவிட்டு, ஏன் இவ்வளவு ஜாஸ்தி என்று கவலைப்பட்டாள்.

அதற்குப் பிறகு படிப்பில் ஒரு வெறி வந்துவிட்டது. காலையில் ஒரு பாடம் போதவில்லை, மத்தியானமும் படித்தாள். சாயங்காலம் சாமான் அறை ஜன்னலோரம் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். அந்த ஜன்னல் பின்வாசலைப் பார்த்தது. முதலில் ஆற்றுமணலில் கடுகு பொறுக்குகிற மாதிரி ஒன்றிரண்டு சொல்தான் அகப்பட்டது. உப்பு, வீடு, அம்மா, நாளைக்கு. போகப் போக வாக்கியங்களே வந்து விழுந்தன. சாஸ் முக்காலி போட்டு ஊறுகாய் திருடுகிறார். சாஸ் தூங்கும்போது விடுகிற குறட்டையில் ஓடு ஆடுகிறது. இங்கே சாப்பாடு பரவாயில்லை அக்கா, ஆனால் சுரைக்காயைப் பார்த்தாலே எனக்குக் குமட்டுகிறது.

மறுநாள் வீட்டில் சுரைக்காய்க் கூட்டு. அதற்கு மறுநாள் சுரைக்காய்ப் பால்குழம்பு. அந்த வாரம் முழுவதும் சுரைக்காய் விதவிதமாக அவதாரம் எடுத்தது. கர்ப்பிணிக்கு நீர்க்காய் நல்லது என்று ஞானசெல்வி அன்பாகப் பரிமாறினாள். நீலிமா மூக்கால் மூச்சு விடாமல் விழுங்குவதைப் பார்க்கையில் அவளுக்கு ஊறுகாய் இல்லாமலே சோறு இறங்கியது. இன்னொரு நாள், என் அறை ஜன்னலில் மத்தியானம் மலைக்காற்று வருகிறது, அது ஒன்றுதான் இந்த வீட்டில் சுகம் என்று அக்காவிடம் சொன்னாள் நீலிமா. மறுநாளே அந்த ஜன்னலுக்கு முன்னால் பாதி மக்காச்சோள மூட்டைகள் ஏறி உட்கார்ந்தன. சாமான் அறையில் எலி என்றாள் மாமியார். மருமகள் மூட்டைகளையே கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆறாம் மாதம் முடிகிற சமயத்தில் நீலிமாவிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. ஊறுகாய் ஜாடி தானாகக் கீழ்த்தட்டுக்கு இறங்கியது. கொஞ்சமாகச் சாப்பிடுங்கள் அம்மா என்று ஒரு துண்டை அவளே எடுத்துவைத்தாள். ஞானசெல்வியின் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். தேய்க்கும்போது தனக்குத்தானே பேசுகிற மாதிரி மெதுவாக இந்தியில் ஏதாவது சொல்வாள், சொல்லிவிட்டு முகத்தைப் பார்ப்பாள். வலிக்கிறதா என்றாள். இன்றைக்கு வெயில் அதிகம் என்றாள். எல்லாம் புரிந்தது. ஞானசெல்வி புரியாதவள் மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தியை உறைக்குள் வைத்திருக்கிறவள் அதை எடுத்துக் காய் நறுக்குவாளா என்ன. ஏதோ காரியம் சாதிக்கத்தான் குழைகிறாள் என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

காரணம் ஒரு சாயங்காலம் ஜன்னல் வழியாக வந்தது. நீலிமா அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். இல்லை அக்கா, நான் வரவில்லை, பிரசவம் இங்கேயே இருக்கட்டும். அம்மாவிடம் நீயே சொல்லிவிடு. சாஸ் எனக்காக இந்தி படிக்கிறார், தெரியுமா? போன் ஆல்பர்ட்டின் மெயிலில் இருக்கிறது, இவர் என்ன படித்தார் என்று வாரா வாரம் அவருக்குச் செய்தி வருகிறதாம். தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே, கூச்சப்படுவார் என்று ஆல்பர்ட் சொன்னார். இந்த வயதில், முழங்கால் வலியோடு, மூட்டைமேல் உட்கார்ந்து படிக்கிறார் அக்கா, கதவிடுக்கில் நானே பார்த்தேன். நான்தான் இவரைப் பற்றித் தப்பாகப் பேசிக்கொண்டிருந்தேன்.

பிள்ளை இங்கேயே பிறக்கும். கேட்டது கிடைத்துவிட்டது, அதுவும் சண்டையில்லாமல். ஞானசெல்வி சந்தோஷத்தில் சிலுவை போட்டுக்கொண்டாள். கூடவே நெஞ்சில் ஒரு முள்ளும் குத்தியது, அதை அவள் மறுக்கவில்லை. சுரைக்காய் சமைத்த கை கொஞ்சம் கூசியது. பேசிவிட்டால் என்ன என்றுகூடத் தோன்றியது. ஒரு வார்த்தை, காலையில் எழுந்ததும், தூங்கினாயா மகளே என்று இந்தியில். ஆனால் பேசிவிட்டால் பிறகு பின்வாசலில் அவள் எதையும் வாய்விட்டுப் பேசமாட்டாள். பிள்ளை பிறக்கிறவரை காது திறந்தே இருக்கட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட்டாள். அந்தப் புத்தி ஒருபோதும் போகாது.

அவள் நின்ற இடத்திலிருந்து அக்காவின் குரல் கேட்காது. அக்கா ஏதோ நீளமாகச் சொல்வதும், நீலிமா இல்லை, இல்லை, அப்படி இருக்காது என்று வாதாடுவதும், பிறகு வாதாடுவது நின்றுபோனதும் மட்டும் தெரிந்தது. போனை வைத்துவிட்டு அவள் சாமான் அறை ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். ஞானசெல்வி சட்டென்று மூட்டைக்குப் பின்னால் குனிந்துகொண்டாள்.

அந்த வாரக் கடைசியில், சனிக்கிழமை சாயங்காலம், மறுபடி ஒரு பேச்சு. அன்றைக்கு நீலிமா வழக்கத்தைவிட நிதானமாக, சொல் சொல்லாகப் பேசினாள். ஒரு வார்த்தை தப்பவில்லை, நமக்கு இவ்வளவு இந்தி வந்துவிட்டதே என்று ஞானசெல்விக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமை அடுத்த நொடியே செத்துப்போனது. நாளைக்குப் பூசை முடிந்ததும் கிளம்புகிறேன் அக்கா. பெட்டி தயாராக இருக்கிறது. ஊரில் கார் பிடித்து மதுரைக்குப் போய்விடுவேன். இவர்களிடம் எதுவும் சொல்லவில்லை, விமானம் ஏறிய பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

குழைந்தாளே, தைலம் தேய்த்தாளே, எல்லாம் இதற்குத்தானா. வார ஆரம்பத்தில் வரவில்லை என்றவள் வாரக் கடைசியில் திருட்டுத்தனமாகக் கிளம்புகிறாள். பேச்சுக்குப் பேச்சு மாற்றுகிறவளை நம்பி நெஞ்சில் முள் வேறு குத்தியது. தன்மேலேயே ஞானசெல்விக்கு ஆத்திரம் பொங்கியது. அன்றைக்குச் சாப்பாடு பரிமாறும்போது மருமகளின் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. நீலிமாதான் அவள் முகத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முழங்கால் வலி என்று பூசைக்குப் போகாமல் நின்றுகொண்டாள். ஆரோக்கியசெல்வமும் நீலிமாவும் கோயிலுக்குப் போனதும் முதல் வேலையாகப் பாண்டீஸ்வரனுக்குப் போன் போட்டாள். ஊரில் வாடகைக் கார் வைத்திருப்பவன் அவன் ஒருவன்தான். எங்கள் வீட்டிலிருந்து யார் கேட்டாலும் கார் ரிப்பேர் என்று சொல்லிவிடு என்றாள். பிறகு நீலிமாவின் அறைக்குள் போய்க் கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து, சாமான் அறையில் மூட்டைகளுக்குப் பின்னால் தள்ளிப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். பெட்டி இழுத்த இழுப்புக்கு லேசாக வந்தது. பயணத்துக்குக் கட்டிய பெட்டி அப்படி வருமா என்று யோசிக்கிற நிதானம் அவளிடம் இல்லை.

அவர்கள் திரும்பி வந்தபோது ஆரோக்கியசெல்வத்தின் முகம் சரியில்லை. கோயில் வாசலில் பாண்டீஸ்வரன் அவரை நிறுத்தி, யாருண்ணே ஊருக்குப் போறாக, மதினி காரைக் குடுக்காதன்னு போன் போட்டாகளே என்று, நீலிமாவை வைத்துக்கொண்டே கேட்டுவிட்டான். ரகசியம் காக்கச் சொன்னால் அதை விளக்கம் கேட்டுத் தெளிந்துகொள்கிற ரகம் அவன்.

நீலிமா அறைக்குள் போனாள், கட்டிலுக்கடியில் பார்த்தாள், திரும்பி வந்து மாமியாரின் முன்னால் கையை நீட்டினாள்.

"அம்மா, சாவி குடுங்க."

என்ன சாவி என்று ஞானசெல்வி கேட்டுப்பார்த்தாள். நீட்டிய கை அப்படியே இருந்தது. ஆரோக்கியசெல்வம், குடுத்துரு என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தக் குரலை அவள் கேட்டதில்லை. சாவியை எடுத்துக் கொடுத்தாள். அந்த வயிற்றை வைத்துக்கொண்டு நீலிமாவே குனிந்து பெட்டியை இழுத்துவந்து கூடத்தின் நடுவில் வைத்து, மூடியைத் திறந்து காட்டினாள். உள்ளே ஒரு கைக்குட்டைகூட இல்லை.

பிறகு இந்தியில் பேசினாள். சத்தம் போடவில்லை. முந்தின நாள் சாயங்காலம் பேசிய அதே நிதானம். ஞானசெல்விக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது. புரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எனக்காகப் படிக்கிறீர்கள் என்று நினைத்தேன். அதனால்தான் அம்மா வீட்டுக்கு வரவில்லை என்று சொன்னேன். அக்காதான் கேட்டாள், சுரைக்காய் எப்படி வந்தது, ஜன்னலில் மூட்டை எப்படி வந்தது என்று. இத்தனை மாதம் படித்தவர் ஒரு நாளாவது சாப்பிட்டாயா என்று உன்னிடம் கேட்டாரா என்று கேட்டாள். நான் அவளோடு சண்டை போட்டேன். நேற்று பேசியது உங்களுக்காகப் பேசியது. டிக்கெட் எதுவும் போடவில்லை, நான் எங்கும் போவதாக இல்லை. இன்றைக்கு நீங்கள் ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால் அக்காவிடம் நான் ஜெயித்திருப்பேன். என்னோடு பேச நீங்கள் படிக்கவில்லை. என்னை ஒட்டுக்கேட்கப் படித்திருக்கிறீர்கள்."

போகாதே என்பதற்கு இந்தியில் என்ன என்று ஞானசெல்விக்குத் தெரியும். இரண்டே சொல், எப்போதோ படித்த பாடம். அது தொண்டைவரை வந்தது. அதைச் சொன்னால் மீதி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

"பெட்டியில தூசியா இருந்துச்சு. தொடச்சு வைக்கலாம்னு எடுத்தேன்" என்றாள் தமிழில்.

"பெட்டியத் தொடைக்கவா பாண்டீஸ்வரனுக்குப் போன் போட்ட?" என்றார் ஆரோக்கியசெல்வம்.

நீலிமா கூடத்தில் நின்றபடியே அக்காவைக் கூப்பிட்டு, வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ என்றாள். இந்த முறை ஜன்னலோரம் போய்க் கேட்கவேண்டிய அவசியம் யாருக்கும் இல்லாமல் போனது.

அக்காவும் அவள் புருஷனும் வந்து இறங்கினார்கள். ஊர் என்ன சொல்லும் என்று பயந்து ஞானசெல்வியே உத்தமபாளையம் போய்க் கண்ணாடி வளையல் வாங்கிவந்து, அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டு வளையல் போட்டாள். நீலிமா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊசி போட வந்த நர்சுக்குக் கை நீட்டுகிற நோயாளி மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு தூரம் அனுப்புகிறாயே என்று ரோஸ்லின் கேட்டபோது, தலைப்பிரசவம் தாய்வீட்டிலதான, வழக்கத்த மீற முடியுமா என்று ஞானசெல்வியே சொல்லவேண்டி வந்தது. எந்த வழக்கத்தை உடைக்க ராஜுவோடும் ஜூலியாவோடும் இத்தனை மாதம் மாரடித்தாளோ அதற்கே அவள் வக்காலத்து வாங்கினாள். கிளம்பும்போது நீலிமா மாமனாரிடம் ஆசீர்வாதம் வாங்கினாள். மாமியாரிடம், ஊறுகாய் கொஞ்சமா சாப்பிடுங்க என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாண்டீஸ்வரனின் காரில் ஏறிக்கொண்டாள்.

பெண்குழந்தை பிறந்தது. ஆல்பர்ட் மஸ்கட்டிலிருந்து போனில் அழுதான், சிரித்தான். அவனுக்கு இங்கே நடந்தது எதுவும் தெரியவில்லை. நீலிமா சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று ஞானசெல்விக்கு விளங்கவே இல்லை. சொல்லியிருந்தால் மகனோடாவது சண்டை போட்டு ஆற்றிக்கொண்டிருப்பாள். அவன் பாட்டுக்கு, அம்மா, நீ இந்தி படிக்கிறது எனக்குத் தெரியும், வீடியோவுல கூப்பிட்டு நீலிமா அம்மாகிட்ட ரெண்டு வார்த்தை பேசு, அங்கன எல்லாரும் அசந்து போயிருவாக என்றான்.

அந்த இரண்டு வார்த்தைக்காக ஒரு காலை முழுவதும் செலவழித்தாள். பேத்தி எப்படி இருக்கிறாள், தாயும் பிள்ளையும் நலமா, நாங்கள் ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறோம். போனிடம் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள், அது ஒவ்வொன்றுக்கும் டிங் என்றது. தார் பூசிய ஆரோக்கியசெல்வமே எதிரில் உட்கார்ந்து, இன்னொருக்கா சொல்லு, கொஞ்சம் பதனமாச் சொல்லு என்று ஒப்பித்துக்காட்டச் சொன்னார். வீட்டைவிட்டு மருமகள் போனதிலிருந்து அவர் அவளோடு இவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். ஒரு வாக்கியத்தை மட்டும் அவருக்குத் தெரியாமல் சாமான் அறையில் தனியாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். சாப்பிட்டாயா மகளே.

கூப்பிட்டார்கள். திரையில் வந்தது நீலிமாவின் அம்மா. சிவப்புக் கரை போட்ட வெள்ளைச் சேலையில், வெற்றிலைக் கறை படிந்த பல்லோடு, முகமெல்லாம் சிரிப்பாக ஒரு மனுஷி. பின்னால் கட்டிலில் நீலிமா குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மா போனை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தியில் சொன்னாள். சம்பந்தியம்மா, பேத்தியைப் பார்க்க எப்போது வருகிறீர்கள்? மூக்கும் நெற்றியும் அப்படியே நீங்கள்தான். நீங்கள் வந்தால்தான் பெயர் வைப்பது என்று நான் சொல்லியிருக்கிறேன்.

எல்லாமே புரிந்தது. ஞானசெல்வியின் கண் நிறைந்துவிட்டது. அவள் வாயைத் திறந்தாள்.

நீலிமா குழந்தையிடமிருந்து தலையைத் தூக்கவில்லை. தூக்காமலே, அம்மாவுக்குக் கேட்கிற குரலில், இந்தியில் சொன்னாள்.

"அவருக்கு இந்தி தெரியாது, அம்மா."

அந்த அம்மா, அடடா என்று வருத்தமாகத் தலையை ஆட்டினாள். பிறகு, காது கேட்காதவர்களிடம் பேசுகிற மாதிரி கையால் சாடை காட்ட ஆரம்பித்தாள். குழந்தையைக் காட்டினாள், தன் மூக்கைத் தொட்டாள், ஞானசெல்வியின் பக்கம் விரலை நீட்டிச் சிரித்தாள். தெரியும் என்று இப்போது ஒரு வார்த்தை சொன்னால், தெரிந்துகொண்டா என் மகளோடு பேசாமல் இருந்தாய் என்று அந்த முகம் கேட்கும். ஞானசெல்வி திறந்த வாயை மூடிக்கொண்டாள். மூக்கைத் தொட்டுக் காட்டினாள். சிரித்தாள். தலையாட்டினாள்.

"என்ன சொல்லுறாக?" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆரோக்கியசெல்வம் ஆவலாகக் கேட்டார்.

"எனக்கென்ன தெரியும்" என்றாள் ஞானசெல்வி.